நெக் லிஃப்ட்: பினாங்கிலிருந்து ஒரு நாட்குறிப்பு

மே 18

நெக் லிஃப்ட், அதாவது தொங்கும் கழுத்தை இறுக்கிச் சரிசெய்யும் அறுவை. அதற்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு விரலால் தாடைத் தோலைக் காதுப் பக்கம் இழுத்துக் காட்டி, "இப்படி இருந்தா போதும் டாக்டர்" என்பார்கள். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். தழும்பு அகலமாகும், காது மடல் கீழ்நோக்கி இழுபடும். உண்மையான வேலை தோலுக்கு அடியில், பிளாட்டிஸ்மா என்கிற மெல்லிய தசையில் நடக்கிறது. பல்லைக் கடித்து 'ஈ' என்று இழுத்தால் கழுத்தில் இரண்டு கயிறு எழும்புமே, அவைதான் அதன் ஓரங்கள்.

எல்லாக் கழுத்துக்கும் ஒரே பலன் கிடைக்காது. மோவாய் உள்ளடங்கி இருந்தாலோ, தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி புடைத்திருந்தாலோ தசையை எவ்வளவு இறுக்கினாலும் கோடு கூர்மையாக வராது. அதை முதல் நாளே சொல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். அறுவை செய்பவர் பெயர் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில், தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

புகைப்பவர்கள் இன்றே நிறுத்த வேண்டும், அறுவைக்கு 4 வாரம் முன்னதாக. வேப் எனும் மின்சிகரெட்டும் அதே கணக்குதான். நிக்கோட்டின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கும். பிரித்துத் தூக்கிய தோலின் நுனிக்கு ரத்தம் எட்டாமல் காதுக்குப் பின்னால் தோல் கறுத்துச் செத்துப்போகும்.

ஜூன் 4

அறுவைக்கு இன்னும் இரண்டு வாரம். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜாமு என்கிற மூலிகை மருந்து எல்லாம் நிற்க வேண்டும். ரத்தம் உறைவதை இவை தாமதப்படுத்தலாம். ஆஸ்பிரின் இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது, இதய மருத்துவர் சொல்ல வேண்டும். வீட்டு டப்பாவில் கிடக்கும் போன்ஸ்டான் வலி மாத்திரையையும் தொட வேண்டாம். வலிக்குப் பனடோல் போதும்.

தலைக்குச் சாயம் பூசுவதானால் இந்த வாரமே பூசிவிடலாம். அறுவையின் வெட்டு தலைமுடி ஓரத்துக்குள் போகும். அறுவைக்குப் பின் ஏறக்குறைய 6 வாரம் சாயம் கூடாது.

ஜூன் 18

திட உணவு 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை. தே தாரிக் என்கிற ஆற்றிய தேநீர் தண்ணீர்க் கணக்கில் சேராது, அதில் பால் இருக்கிறது. இதைக் காலையில் குடித்துவிட்டு வந்தால் அறுவை தள்ளிப்போகும்.

உட்கார வைத்துத்தான் பேனாவால் குறிப்பார்கள்; படுத்தால் தொங்கல் பின்பக்கம் சரிந்து மறைந்துவிடும். மயக்கத்தில் 2 முதல் 4 மணி நேரம். மோவாய்க்குக் கீழ் 3 செ.மீ. வெட்டு, கொழுப்பைக் கொஞ்சம் எடுத்தல், தசையின் இரு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைத்தல், பிறகு காதைச் சுற்றி வெட்டி மிச்சத் தோலை நறுக்குதல். நடுவில் கொழுப்பை அளவுக்கு மிஞ்சி எடுத்தால் அங்கே பள்ளம் விழும். கொழுப்பை விட்டுவைப்பதில்தான் கைத்திறன் தெரியும்.

ஜூன் 18, இரவு

எல்லாரும் பயப்படுவது தழும்புக்கு. பயப்பட வேண்டியது இந்த இரவுக்கு. ரத்தக் கசிவைக் குறைக்க ஊசியில் கலந்த அட்ரினலின் சில மணி நேரத்தில் தீர்ந்து, சுருங்கிய குழாய்கள் திறக்கும். அந்த நேரத்தில் வாந்தி, இருமல், மலச்சிக்கலோடு முக்குதல், சிறுநீர் முட்டுதல் என எது ரத்த அழுத்தத்தை ஏற்றினாலும் தோலுக்கடியில் ரத்தம் கட்டலாம். அதனால்தான் தாதி திரும்பத் திரும்ப வந்து அழுத்தம் பார்க்கிறார். மேல் எண் 140-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஆண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், தாடி வேர்களுக்கு ரத்த ஓட்டம் அதிகம்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கினால் அது வழக்கம். ஒரு பக்கம் மட்டும் புடைத்து, இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால் உடனே மணியை அடிக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மூச்சுத் திணறினால் அது அவசரநிலை.

தலைப்பக்கம் 30 பாகை உயர்த்திப் படுக்க வேண்டும். உயரத் தலையணை வேண்டாம். மோவாய் நெஞ்சைத் தொட்டால் தோல் மடிந்து ரத்த ஓட்டம் தடைப்படும். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதும் அதே தப்பு.

ஜூன் 20

காயத்துக்குள் சேரும் திரவத்தை வடிக்கும் டிரெயின் குழாயின் நுனியில் உள்ள சிறு பந்தை நசுக்கி மூடினால் அது விரியும்போது உள்ளிருந்து திரவத்தை உறிஞ்சும். பந்து தானாக உப்பிவிட்டால் உறிஞ்சுவது நின்றுவிட்டது என்று அர்த்தம். முதலில் கருஞ்சிவப்பு, பிறகு ரோஸ், கடைசியில் வைக்கோல் நிறம். அளவும் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே போனால் எடுத்துவிடலாம். இறுக்கப் பட்டை ஒரு வாரம் இரவு பகலாக. உப்பு குறைய வேண்டும்: ஊறுகாய், இக்கான் பிலிஸ் சம்பல் கொஞ்ச நாள் ஓரமாக இருக்கட்டும்.

ஜூன் 28

முன்பக்கத் தையல் ஏழாம் நாளே போனது, காதுக்குப் பின்னால் இன்று. காது மடல் மரத்திருக்கிறது, தோடு போட்டாலும் தெரியவில்லை என்பார்கள். தோலுக்கான நரம்புகள் சீண்டப்பட்டதால் அப்படி, பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் இறங்காவிட்டால் அது வேறு நரம்பு, டாக்டரிடம் காட்ட வேண்டும். கனமான ஜிமிக்கி 6 வாரத்துக்கு வேண்டாம்.

ஜூலை 30

மோவாய்க்குக் கீழே கட்டி கட்டியாகத் தட்டுப்படுவது உள் தழும்பு; 3 மாதம்வரை இருக்கும். ஆவணியில் மகள் கல்யாணம் என்று ஆடியில் வந்து கேட்கிறவர்களுக்கு இதனால்தான் முடியாது என்கிறோம்.

நம் நிறத்துத் தோலில் காதுக்குப் பின்னால் கெலாய்ட், அதாவது மிஞ்சி வளரும் தடித்த தழும்பு, எழும்ப வாய்ப்பு உண்டு. காது குத்தியபோதே தடித்திருந்தால் அதை ஆலோசனை நாளில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அரித்து, உருண்டு, சிவந்து வந்தால் சிலிக்கான் பட்டை தினம் 12 மணி நேரம். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. சின்னதாக இருக்கும்போதே வந்தால் ஊசி நன்றாகக் கேட்கும்.