டிஎல்எல் கோப்பு இல்லை என்று பழுதாய்வு மென்பொருள் சொன்னால்

கைப்பேசிப் பழுதாய்வு மென்பொருளைத் திறந்ததும் ‘எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் இல்லை’ (டிஎல்எல் என்பது மென்பொருள் இயங்கத் தேவையான துணை நிரல் கோப்பு) என்ற பிழைச் செய்தி வந்தால், பழுது பெரும்பாலும் அந்த மென்பொருளில் இல்லை. அது சார்ந்திருக்கும் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 தொகுப்பு கணினியில் நிறுவப்படவில்லை என்பதே பொருள். பெயரில் 140 என்று இருந்தால், 2015 முதலான பதிப்புகளுக்குரிய தொகுப்பு தேவை.

பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், பழைய பழுதாய்வு மென்பொருள்கள் பல 32 பிட்டுக்கென எழுதப்பட்டவை என்பதால், அவற்றுக்கு எக்ஸ்86 எனப்படும் 32 பிட் தொகுப்பையே நிறுவ வேண்டும். அதன் கோப்புகள், பெயரைப் பார்த்து நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக, சிஸ்டம்32 கோப்புறையில் அல்ல, சிஸ்வாவ்64 கோப்புறையில்தான் போய்ச் சேரும்.

மென்பொருளின் சொந்தக் கோப்பே காணவில்லை என்றால், வைரஸ் தடுப்பான் அதை ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தயாரிப்பாளரே வெளியிட்ட கோப்பு என்பது உறுதியானால் மட்டும் மீட்டெடுங்கள்.

தனி டிஎல்எல் கோப்பை ஏதோவொரு தளத்திலிருந்து இறக்கி ஒட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்: வாடிக்கையாளரின் படங்களும் தொடர்பு எண்களும் கடந்து செல்லும் கணினியில், யார் எழுதியது என்றே தெரியாத நிரலை நிர்வாகி உரிமையுடன் இயங்க விடுவது, நம்பிக் கைப்பேசியைக் கொடுத்தவருக்குச் செய்யும் அநீதி.