எஃப்2 விசை எதற்காக இருக்கிறது?

எக்செல்லில் ஒரு கட்டத்தைத் திருத்த எஃப்2-ஐ அழுத்தினால் திரை மங்குகிறது. சூத்திரத்தில் டாலர் குறி சேர்க்க எஃப்4-ஐத் தொட்டால் ஒலி மாறுகிறது. மடிக்கணினிக்கு மாறிய கணக்கர்களின் முதல் எரிச்சல் இது. விசைப்பலகையில் கோளாறு ஏதுமில்லை. மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் மேல்வரிசை விசைகளுக்கு ஒலி, ஒளி வேலைகளையே முதலிடத்தில் வைத்து அனுப்புகிறார்கள். எஃப்2, எஃப்4 போன்றவற்றின் பழைய வேலைக்கு எஃப்என் (Fn) விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நாள் முழுவதும் எண்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் பத்துச் செயல்விசைகள் (எஃப்1 முதல் எஃப்10 வரை) இடப்பக்கம் தனி வரிசைகளாக இருந்தன, வேறு எந்த வேலையும் இல்லாமல்!

மாற்றுவது எளிது. எஸ்கேப் விசையில் சின்னப் பூட்டுப் படமோ 'எஃப்என் லாக்' என்ற எழுத்தோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் போதும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

அது இல்லாத கணினிகளில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போக வேண்டும். லெனோவோ மடிக்கணினிகள் பலவற்றில் 'ஹாட்கீ மோட்', ஹெச்பியில் 'ஆக்‌ஷன் கீஸ் மோட்' என்று இருக்கும். அதை 'டிசேபிள்ட்' ஆக்கிச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். அங்கே வேறு எதையும் தொடாதீர்கள். மேக் கணினியில் இன்னும் சுலபம்: சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியிலேயே இதற்கான தெரிவு உண்டு.

இதன்பிறகு ஒலியைக் கூட்டத்தான் எஃப்என் தேவைப்படும். அலுவலகத்தில் புதிய மடிக்கணினி கொடுக்கும்போதே இதைக் கேட்டுச் செய்து தரலாமே!