ஹோவிக் அருவியில் நின்று உம்கேனியின் சரிவைப் படிப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் பூசைக்கும் அஸ்தி கரைக்கவும் போகும் ப்ளூ லகூன்தான் உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடம். அங்கிருந்து என்3 சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் ஏறினால் ஹோவிக். ஊரை ஒட்டியே ஆறு 95 மீட்டர் விழுகிறது. பார்த்ததும், நிலம் உயர்ந்ததால்தான் இந்த அருவி என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

பார்வை மேடையிலிருந்து அருவியின் விளிம்பைக் கவனியுங்கள். கருத்த, கெட்டியான டோலரைட் பாளம் அது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறை அடுக்குகளுக்கு நடுவே புகுந்து உறைந்த எரிமலைக் குழம்பு. அதற்கு அடியில் ஷேல், அதாவது சேறு இறுகி உண்டான மென்பாறை. மழையில் ஊறிய ஷேலை விரலால் நிமிண்டினாலே தகடு தகடாக உதிரும். கீழே ஷேல் அரிபட்டு, மேலே பாளம் துருத்திக்கொண்டு நின்று, பிறகு உடைந்து விழும். ஆகவே இந்தச் செங்குத்துக்குப் பாறையே போதுமான காரணம்.

நிலம் உயர்ந்ததா என்று ஆற்றைக் கொண்டு கண்டுபிடிக்க வெறும் சரிவு உதவாது. கீழே வர வரத் தண்ணீர் சேரும், சரிவு குறையும். எந்த ஆறும் அப்படித்தான். அதனால் வடிநிலப் பரப்பை, அதாவது அந்த இடத்துக்குத் தண்ணீர் வடியும் நிலத்தின் பரப்பை, 0.45 அடுக்குக்கு உயர்த்தி, அதைச் சரிவால் பெருக்குகிறோம். சரிவு 0.01, பரப்பு 1 சதுர கிலோமீட்டர் என்றால் விடை 5. அதே சரிவு, பரப்பு 100 சதுர கிலோமீட்டர் ஆகும் இடத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 40. பாறையும் மழையும் ஒன்றாக இருக்கும் இடத்தில், வேகமாக உயரும் நிலத்தை அரித்து ஈடுகொடுக்க ஆறு செங்குத்தாக வேண்டியிருக்கிறது. அப்போது இந்த எண் ஏறும். பரப்பைச் சதுர மீட்டரில்தான் போட வேண்டும். சதுர கிலோமீட்டரில் போட்டால் விடை 500 மடங்கு சுருங்கிவிடும், பலர் தடுக்கி விழும் இடம் இது.

உயரத்துக்கு 2000இல் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த, 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் தரவே போதும். வரைபட மென்பொருளில் தரவின் போலிப் பள்ளங்களை நிரப்பி, தண்ணீர் ஓடும் திசையை எடுத்து, 1 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்த ஓடைகளை விட்டுவிடுங்கள். சரிவை ஒவ்வொரு கட்டமாக எடுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். 20 மீட்டர் உயர இடைவெளிக்கு ஒருமுறை எடுங்கள். மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா ஆகிய நான்கு அணைகளும் 2000க்கு முன்பே கட்டியவை. தேங்கிய தண்ணீர் தட்டையாகவும் அணைச் சுவர் போலி அருவியாகவும் தெரியும். அந்தப் பகுதிகளை வெட்டிவிட வேண்டும். மிட்மார் ஹோவிக்குக்குச் சற்று மேலேயே இருப்பதால், வெட்டாவிட்டால் இரண்டும் கலந்துபோகும்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு ஓரம் சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன்தான் பல நூறு மீட்டர் உயர்ந்தது என்று நில ஆய்வாளர்கள் பார்ட்ரிட்ஜும் மாடும் 1987இல் எழுதினார்கள். இல்லை, இது பழைய மேட்டுநிலம் என்று வாதிடுபவர்களும் உண்டு. இதைச் சோதிக்க, முதலில் உம்கேனியின் பக்கத்துப் பக்கத்துக் கிளையாறுகளைப் பாருங்கள். வெவ்வேறு பாறையில் ஓடினாலும் சரிவின் முறிவுகள் (சரிவு திடீரென்று செங்குத்தாகும் இடங்கள்) ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரிசையாக நின்றால், கடலிலிருந்து மேலேறி வரும் அரிப்பு அலை என்று சந்தேகிக்க இடமுண்டு. டோலரைட் இருக்கும் இடத்தில் மட்டும் முறிவு வந்தால், நீங்கள் பார்ப்பது இன்னொரு ஹோவிக்.