புளி போட்டுக் கழுவிய காசு

அம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் மூன்று பழைய காசுகள் இருந்தன. அவர் "வெள்ளிக்காசு" என்றுதான் சொல்வார். அவருடைய தகப்பன் பருத்தித்துறையிலிருந்து பெரியகல்லாற்றுக்கு வந்தபோது மடியில் முடிந்து கொண்டுவந்தவையாம்.

பெட்டி என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கறுத்துக் கிடந்த ஒன்றைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தது. ஐந்து நிமிடத்தில் சிவப்பாகச் செம்பு தெரிந்தது. கூடவே மெல்லிய கோடுகளில் பாதி போய்விட்டன. எழுத்தைக் காத்து வைத்திருந்ததே அந்தக் கறுப்புப் படலம்தான். அந்தக் காசைப் பார்க்க இன்றும் நெஞ்சு கனக்கிறது.

மற்ற இரண்டையும் மட்டக்களப்பில் தெரிந்த தட்டாரிடம் கொண்டுபோனேன். "இதுவும் செம்புதான் மகள். இனிக் கழுவிப் போடாதீங்க, லைட்டைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க" என்றார்.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, அவற்றில் ஒரு காசை மெல்லத் திருப்பினேன். முதலில் ஒரு பிறை. அதன் கீழே திமில், மடித்த கால்கள்: படுத்திருக்கும் நந்தி. அதற்கும் கீழே ஓர் எழுத்தின் கொம்பு, பிறகு சகரம். "சே"! அடுத்த எழுத்து விளிம்போடு பாதி வெட்டுப்பட்டிருந்தது. அடியச்சில் செம்புத் துண்டை வைத்து, மேலச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலால் அடித்த காசு. கை கொஞ்சம் விலகினாலும் எழுத்து வெளியே போய்விடும். என்றாலும் "சேது" என்பதில் சந்தேகமில்லை.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு அது. இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். யாழ்ப்பாண அரசர்களுடையதுதான் என்று எடுத்துக்காட்டியவர்களில் வரலாற்றறிஞர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் ஒருவர். கேகாலைப் பக்கம் கொட்டகமவில் கிடைத்த அந்த அரசர்களின் தமிழ்க் கல்வெட்டும் "சேது" என்றே தொடங்குகிறது. ஓர் அரசு தன் அடையாளமாகத் தமிழில் பொறித்த சொல் என் உள்ளங்கையில் இருந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

கனடாவில் இருக்கும் தம்பி ஒன்றை அனுப்பச் சொன்னான். தொல்பொருளை அனுமதியில்லாமல் நாட்டை விட்டு அனுப்பக்கூடாது, 1940ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது என்று சொல்லிப் படம் மட்டும் அனுப்பினேன்.

இப்போது ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையில் இருக்கிறது. மூன்றாவதில் நிற்கும் அரசனின் உருவம் மட்டும் தெரிகிறது. மறுபக்கம் மண் இறுகிப் போயிருக்கிறது. மண்ணைத் தொடாமல், விளக்கை மட்டும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன்.