தகடு ஏன் வளைந்தது? தண்ணீரை அளந்து பார்த்த கதை

கிழக்கு இந்தியாவில் ஓர் உருக்காலையின், தடித்த எஃகுத் தகடு உருட்டும் பிளேட் மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் இருப்பது தகட்டைக் குளிர்விக்கும் பகுதி. உருட்டி முடித்த தகடு 800 டிகிரி சூட்டோடு ரோலர் மேசையில் ஓடிவரும். மேலே 14 ஹெட்டர் (தண்ணீரைப் பிரித்துவிடும் குறுக்குக் குழாய்), கீழே 14 ஹெட்டர். மேல் ஹெட்டர்களில் கைத்தடியின் பிடி போல வளைந்த குழாய்கள் வரிசையாக இருக்கும். அவற்றிலிருந்து தண்ணீர் அதிக அழுத்தமில்லாமல், கண்ணாடிக் கம்பி மாதிரி நேராக விழும். கீழே இருப்பவை நாசில்கள். அவை மேல்நோக்கிப் பீய்ச்சும். தகடு இதைக் கடந்து வெளியே வரும்போது 500 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும்.

இப்படி வேகமாகக் குளிர்வித்தால் எஃகுக்குள் இருக்கும் படிக மணிகள் பொடியாக அமையும். விலை கூடிய உலோகங்களை அதிகம் சேர்க்காமலே வலிமை கிடைக்கும், வெல்டிங்கும் சுலபம். 1980-ல் ஜப்பானின் ஃபுகுயாமா ஆலையில் உருட்டும் வரிசையிலேயே இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் எல்லா இடமும் ஒரே சீராகக் குளிர்ந்தால்தான் பலன். எங்கள் தொல்லையே அங்கேதான் இருந்தது.

20 மில்லிமீட்டர் தகடுகள் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் அலை அலையாக நெளிந்து வந்தன. போதாததற்குப் படகு மாதிரி குழிவும் இருந்தது. தகட்டை நிமிர்த்தும் லெவலரில் இரண்டு முறை விட்டும் சரியாகவில்லை. நெளிந்த தகடுகளின் குவியல் வளர்ந்துகொண்டே போனது. எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 12 மைக்ரான் சுருங்கும். 10 மீட்டர் தகட்டில் ஓர் ஓரம் மற்றதைவிட 50 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தால் 6 மில்லிமீட்டர் நீள வித்தியாசம். தகடு நெளியாமல் என்ன செய்யும்?

முதல் இரண்டு வாரத்தை வீணடித்தோம். மேசையில் இருக்கும்போது ஓரங்கள் மேலே தூக்கின. அதனால் மேல்பக்கம் அதிகம் குளிர்கிறது என்று மேல் தண்ணீரைக் குறைத்தோம். ஆனால் அதே தகடு ஆறிய பிறகு எதிர்ப்பக்கம் வளைந்து கிடக்கும். உடனே கீழே குறைப்போம். எந்த நேரத்தில் பார்த்த வளைவை நம்புவது என்று முடிவு செய்யாமலே வால்வைத் திருகிக்கொண்டிருந்தோம். மேலும் கீழும் வேறு வேகத்தில் குளிரும் தகடு, சூட்டில் ஒரு பக்கம் வளைந்து, ஆறியதும் மறுபக்கம் திரும்புவது இயல்பு. நடுவில் எஃகு நிரந்தரமாகக் கொஞ்சம் நீண்டும் நசுங்கியும் விடுவதுதான் காரணம். இது பிடிபடவே எனக்கு நாளாகிவிட்டது.

கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஒவ்வொரு மேல் ஹெட்டருக்கும் மணிக்கு 60 கன மீட்டர், பச்சை விளக்கு. எங்களோடு இருந்த சேலத்துக்கார ஃபிட்டர் அண்ணன்தான் கேட்டார்: "சார், மொத்தத் தண்ணி சரியா இருக்கு. எந்த இடத்துல எவ்வளவு விழுதுன்னு யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஷட்டவுனில் பார்த்தோம். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயை முக்கால் மீட்டர் துண்டுகளாக 25 வெட்டி, அடியில் மூடி ஒட்டி, ஆங்கிள் சட்டத்தில் நெருக்கமாக நிறுத்தி, ரோலர்களின் மேல், ஹெட்டருக்கு நேர் கீழே வைத்தோம். வால்வு திறந்து ஓட்டம் சீராகச் சில விநாடி ஆகும். அதுவரை உள்ளே தண்ணீர் விழக் கூடாது. அதற்கும் அண்ணனே வழி சொன்னார். குழாய்களின் வாய்மேல் ஒரு தகரத்தைச் சரிவாக வைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஓட்டம் நிதானமானதும் இழுத்து, ஐந்து விநாடி எண்ணி, திரும்ப மூடிவிடுவது. அப்புறம் ஒவ்வொரு குழாயிலும் ஸ்டீல் ஸ்கேலை விட்டு உயரத்தைக் குறித்தோம்.

சராசரி 40 சென்டிமீட்டர். தண்ணீர் நுழையும் பக்கத்துக் கடைசிக் குழாயில் 33. அடைபட்ட மறுமுனையில் 46. பம்ப்புக்குப் பக்கத்தில்தான் அதிகம் விழும் என்று நான் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. ஹெட்டருக்குள் வேகமாக நுழையும் தண்ணீர், வழியில் பிரியப் பிரிய வேகம் குறைந்து, அந்த வேகமெல்லாம் அழுத்தமாக மாறிக் கடைசி முனையில் சேர்கிறது. ஹெட்டர் குழாய் சிறியதாக இருந்து, வெளியேறும் வாய்களின் மொத்தப் பரப்பு பெரிதாக இருந்தால் இந்த வித்தியாசம் கூடும். எல்லா ஹெட்டருக்கும் ஒரே பக்கத்திலிருந்து இணைப்பு. அலை இருந்த ஓரமும் அந்த மறுமுனைதான்.

ஆறாவது ஹெட்டரில் 17-வது குழாயில் வெறும் 12 சென்டிமீட்டர். நேர் மேலிருந்த வளைகுழாயைக் கழற்றினால், சூடான எஃகில் படியும் ஆக்சைடு செதிலின் துண்டும் டெஃப்லான் டேப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தன. தேடிப் போனால் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் வலை கிழிந்திருந்தது.

பம்ப்பை மாற்றலாம், பெரிய ஹெட்டர் வாங்கலாம் என்றெல்லாம் பேச்சு வந்தது. கடைசியில் ஹெட்டருக்குள்ளேயே இன்னொரு குழாயைச் செருகி, அதன் மேல்பக்கம் துளைகள் போட்டோம். தண்ணீர் முதலில் உள்குழாயில் போய், துளைகள் வழியே வெளிக்குழாயில் நிதானமாக நிறைந்து, பிறகு விழும். திரும்ப அளந்தபோது 38-லிருந்து 41-க்குள் எல்லாக் குழாயும் இருந்தது. 14 ஹெட்டருக்கும் செய்து முடிக்க மூன்று ஷட்டவுன் ஆயின.

ஓர அலை போனது. குழிவு நின்றது. மேலே விழும் தண்ணீர் தகட்டின் மேலேயே தேங்கி வேலை செய்யும். கீழே அடிப்பது பட்டதும் கொட்டிவிடும். அதனால் கீழே கூடுதலாகத் தர வேண்டும். ஆறிய தகட்டை மட்டுமே அளப்பது என்று முடிவு செய்துகொண்டு, மேலே ஒரு பங்கென்றால் கீழே 1.6 பங்கு என்ற அளவுக்கு வந்தோம். தேங்கும் தண்ணீர் ஓரம் வழியே ஓடி ஓரத்தை அதிகம் குளிர்விக்காமலிருக்க, பக்கவாட்டு ஸ்ப்ரேக்களையும் திருப்பி வைத்தோம்.

அப்படியும் தெர்மல் கேமராவில் தகட்டின் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அந்த இடம் மட்டும் அதிகம் குளிர்ந்திருந்தது. தண்ணீரோ சமமாக விழுகிறது. அப்புறம் எப்படி?

தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டு ஓடும். சூடு கொஞ்சம் குறைந்ததும் அதே துளி ஒட்டிக்கொண்டு சுர்ரென்று ஆவியாகும். முதல் நிலையில் துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவிப் படலம் இருக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-லேயே இதை எழுதிவைத்தார். எங்கள் தகட்டிலும் இதே கதைதான். படலம் உடையும் இடத்தில் சூடு பல மடங்கு வேகமாக இறங்கும். அதனால் முந்திக் குளிர்ந்த இடம் மேலும் முந்தும். கெட்டியான ஆக்சைடு செதில் ஒட்டியிருந்தால் படலம் அங்கே சீக்கிரம் உடையும். அந்தக் கோட்டுக்கு நேராக, செதில் நீக்கும் உயர் அழுத்த வரிசையில் ஒரு நாசில் அடைத்திருந்தது. குளிர்விக்கும் இடத்துக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே அந்தக் கோடு போடப்பட்டுவிட்டது. நாசிலை மாற்றிய அன்று மதிய ஷிஃப்டில், இரண்டு மீட்டர் நேர்ச்சட்டத்தைத் தகட்டின் மேல் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைக்கப் பார்த்த அண்ணன், நுழையவில்லை என்று கையை விரித்துக் காட்டினார். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த 25 குழாய்களையும் பம்ப் அறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை இறக்கி அளந்து, எண்களை நோட்டில் எழுதுகிறோம். போன மாதம் ஒன்பதாவது ஹெட்டரில் மூன்றாவது குழாய் 35-க்கு இறங்கியிருக்கிறது. வரும் ஷட்டவுனில் அதைத்தான் முதலில் கழற்றப் போகிறோம்.