கோவிட் போயும் தலை தெளியவில்லையா? எழுந்து நின்று பாருங்கள்

கோவிட் வந்து மூன்று மாதமாகியும் பேச்சின் நடுவே சொல் சிக்காமல் தடுமாறுகிறவர்கள் பலர் முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் ஓடுகிறார்கள். பெரும்பாலும் நார்மல் என்றே வரும். 2022-இல் வந்த பிரிட்டன் பயோபேங்க் (லட்சக்கணக்கானோரின் உடல்நலத் தகவல் திரட்டு) ஆய்வில், தொற்று வந்தவர்களுக்கு மோப்பம் சார்ந்த மூளைப் பகுதிகள் கூடுதலாகத் தேய்ந்திருந்தன. ஆனால் அது 0.2 முதல் 2 சதவீதம்தான். 785 பேரைத் தலா இரண்டு முறை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டதால் பிடிபட்டது. ஒருவரின் ஒற்றை ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 'ஸ்கேன் நார்மல், எல்லாம் மனசுதான்' என்று கைகழுவுவது தப்பு.

அதைவிடப் பயனுள்ள சோதனைக்குச் செலவே இல்லை. பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து நாடித்துடிப்பைக் குறியுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளியிருக்க, முதுகை மட்டும் சாய்த்து நில்லுங்கள். பத்து நிமிடம், நிமிடத்துக்கொரு முறை துடிப்பு. முடிந்தால் ரத்த அழுத்தமும். அழுத்தம் இறங்காமலே துடிப்பு 30 கூடி அப்படியே நின்றால் (12 முதல் 19 வயதுக்கு 40) 'பாட்ஸ்' (POTS, எழுந்து நின்றால் துடிப்பு எகிறும் கோளாறு) இருக்கலாம். நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. மந்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சோதனை கெடுவது சின்ன விஷயங்களில். காலை மாற்றி மாற்றி ஊன்றினால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடும், கோளாறு மறைந்துபோகும். காபி குடித்திருந்தாலும் உடலில் நீர் குறைந்திருந்தாலும் துடிப்பு வீணாக ஏறும். எழுந்தவுடன் வரும் முதல் துள்ளல் எல்லோருக்கும் உண்டு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்றம் தெரியாது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும், கண் இருட்டினால் உடனே உட்காருங்கள். குறித்த தாளோடு மருத்துவரைப் பாருங்கள். நீர், உப்பு, இடுப்புவரை இறுக்கும் காலுறை என்று சிகிச்சை தொடங்கும். உப்பு எல்லோருக்கும் ஆகாது: ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் கூட்டக் கூடாது.

வேலை செய்த அன்று நன்றாக இருந்து, 12 முதல் 72 மணி நேரம் கழித்துச் சோர்வு ஆளையே சாய்க்கிறதா? அப்படியானால் 'தினம் கொஞ்சம் கூட்டி நட' என்ற அறிவுரை உங்களுக்கு இல்லை. அது இன்னும் படுக்கவைக்கும்.

பி12, தைராய்டு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைந்தும் இதே மறதி வரும். திடீரென ஒரு பக்கம் கை கால் விழுவதும், வாய் குழறுவதும், வலிப்பும் இந்தக் கணக்கில் சேராது. அவசர சிகிச்சைக்கு உடனே போக வேண்டும்.