நடுவில் போட்ட வகை

“நடுவுல போட்டு அனுப்பிடு தம்பி, மணி ஒன்பதாச்சு.” அண்ணன் சொன்னது இவ்வளவுதான். அதட்டவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் தோசைக்கடை மூடிவிடுவான் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் போட்டு அனுப்பினேன். எட்டு மாதமாகிறது.

கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் பார்ப்பது அமெரிக்க அணைகளை. பெரும்பாலும் தனியார் மண் அணைகள். ஐம்பதுகளில் யாரோ ஒரு பண்ணைக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்று கட்டியிருப்பார், இப்போது பேரன் பெயரில் இருக்கும். உடைந்தால் வெள்ளம் எதுவரை போகும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து அபாய வகையைப் பரிந்துரைப்போம். இந்த வகைக்கும் அணையின் உடல்நிலைக்கும் சம்பந்தமில்லை என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. கரை பாறை மாதிரி இருந்தாலும் கீழே ஓர் உயிர் போகக்கூடும் என்றால் ‘உயர்’ வகை. உயிர் போகாது, சொத்தும் சாலையும் போகும் என்றால் நடு. பெரிய நஷ்டம் எதுவுமில்லை என்றால் ‘தாழ்’.

அன்று நடுவில் போட்ட அணை வெகுகாலமாகத் ‘தாழ்’. கரையில் மரம் முளைத்திருந்தது, மிகுநீர் வழிந்தோடும் கலிங்கில் பாதி மண். அது வேறு கணக்கு. என்னை நிறுத்தியது புதிய சாட்டிலைட் படத்தில் ஓடையோரம் தெரிந்த ஒரு வெள்ளைச் சதுரம். டிரெய்லர் வீடா, சாமான் கொட்டகையா? பக்கத்தில் கறுப்பாக ஒன்று. கார் என்றேன். நிழல் என்றார் அண்ணன். அந்த இடத்தில் நாலடி வெள்ளம் வரும் என்றது மாடல்.

‘உயர்’ என்று எழுதினால் சொந்தக்காரருக்குச் செலவு. அவசரகாலத் திட்டம் கேட்பார்கள், கலிங்கைப் பெரிதாக்கச் சொல்லலாம். எங்களுக்குப் பணம் தருபவரும் அவர்தான்.

‘தாழ்’விலிருந்து ஒரு படி ஏற்றியிருக்கிறேனே என்றுதான் அன்றிரவு நினைத்துக்கொண்டேன். ‘ஆள் வசிக்கிறார்களா என நேரில் பார்க்கவும்’ என்று குறிப்பும் எழுதினேன். முடிவெடுப்பது அங்குள்ள மாநில அதிகாரிகள். எல்லாம் உண்மை. ஆனால் நடு என்றால் ‘தெரியவில்லை’ என்று அர்த்தமில்லையே. அங்கே யாரும் சாகமாட்டார்கள் என்றல்லவா நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்?

அப்புறம் ஒருநாள் அண்ணனிடம் ஹவாயின் கா லோகோ அணையைச் சொன்னேன். ‘தாழ்’ வகையில் இருந்த தனியார் மண் அணை. 2006 மார்ச்சில் உடைந்து 7 பேர் போனார்கள். அவர் மிச்சிகனின் ஈடன்வில் அணையைச் சொன்னார். அது ‘உயர்’. கலிங்கு போதாது என்று 2018இல் மின் உற்பத்தி உரிமத்தையே பிடுங்கினார்கள். ஆனாலும் 2020 மே மாதம் உடைந்தது. “நீ எழுதுறது கரையைப் பிடிச்சு நிறுத்துமா?”

நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே சுமார் 10,000 பேரை வெளியேற்றினார்கள், ஓர் உயிரும் போகவில்லை. இது மறுநாள் குளிக்கும்போதுதான் தோன்றியது. போய்ச் சொல்லவில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே ஷா ஆலமின் ஸ்ரீ மூடாவில் பெரியம்மா மாடியில் இரண்டு இரவு இருந்தார். யாராவது ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் புலம்புவார். அதையும் அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் மோசமானவர் இல்லை. அன்று அவர் கிளம்பிய பிறகும் அரை மணி நேரம் நான் தனியாகத்தான் இருந்தேன், மாற்றியிருக்கலாம்.

கோப்பு மூடிவிட்டது. இன்னும் சில நாள் அந்தப் படத்தைத் திறந்து பார்க்கிறேன். ஒருநாள் கார் மாதிரி இருக்கிறது, ஒருநாள் நிழல் மாதிரி.